ஆல்ட்டோ இன்ஜின் போய்விட்டால்: போரிங் செய்வதா, செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மாட்டுவதா?

2000 முதல் 2012 வரை வந்த பழைய மாருதி ஆல்ட்டோ, 796 சிசி. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, மேட்டில் இழுவை இல்லை, டிப்ஸ்டிக்கைப் பார்க்கும்போதெல்லாம் ஆயில் இறங்கியிருக்கிறது. பட்டறையில் காட்டினால் இரண்டில் ஒரு பதில் வரும். ஒருவர் "இறக்கிப் போரிங் போட்டுடலாம்" என்பார், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் புது பிஸ்டன் போடுவது. இன்னொருவர் "அதுக்கு ஆகுற செலவுக்குப் புதுப்பேட்டையில ஒரு இன்ஜினையே வாங்கி மாட்டிடலாம்" என்பார். இரண்டு பேரும் தெரிந்துதான் சொல்கிறார்கள். ஆனால் எது சரி என்பது உங்கள் பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் இரண்டு விலைகளை மட்டும் எதிரெதிரே வைத்து முடிவெடுப்பவர்கள்தான் இரண்டு முறை செலவு செய்கிறார்கள்.

வீட்டிலேயே இந்த வேலையைச் செய்ய நினைப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. போரிங்கில் பாதி வேலை லேத் பட்டறையில் நடக்கும், வீட்டில் நடக்காது. இன்ஜின் மாற்றுவதோ கழற்றி மாட்டும் வேலை. வாசலில் சிமென்ட் தரையும் உடன் ஒரு ஆளும் இருந்தால் முடியும். அதனால் மனம் இயல்பாகவே பழைய இன்ஜின் பக்கம் சாயும். அந்த இன்ஜினைச் சோதித்து வாங்க முடிந்தால் மட்டும் அப்படிச் சாயலாம்.

முதலில் என்ன போயிருக்கிறது என்று பாருங்கள்

புகை வந்தாலே இன்ஜின் முடிந்தது என்று அர்த்தமில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை வந்து அடங்கினாலோ, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தாலோ, பெரும்பாலும் வால்வு ஸ்டெம் சீல் (வால்வு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர்) காய்ந்திருக்கும். அது ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வேலை. அதற்காக இன்ஜினை மாற்றுவது பணத்தைக் கொட்டுவது.

கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் சாக்கெட்டையும் இக்னிஷன் சாக்கெட்டையும் பிடுங்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று அடிக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள இன்ஜின் 14 கிலோவை (ஒரு சதுர செ.மீ.க்கு; சுமார் 200 பி.எஸ்.ஐ.) ஒட்டிக் காட்டும். 12-க்குக் கீழே போனால் தேய்மானம் பேசத் தொடங்கிவிட்டது. சிலிண்டர்களுக்குள் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் கவனிக்க வேண்டும். குறைவாகக் காட்டிய சிலிண்டருக்குள் ஒரு சின்ன ஸ்பூன் இன்ஜின் ஆயிலைப் பிளக் துளை வழியாக ஊற்றி மறுபடி அடியுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அளவு ஏறாத நிலை என்றால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது. ஹெட்டை இறக்கி, 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங் செய்து, வால்வு லேப்பிங், புது சீல், புது கேஸ்கெட் போட்டு முடிக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை முகத்தில் அடிப்பதைப் பட்டறையில் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். அது ரிங் வழியாகக் கீழே இறங்கும் அழுத்தம். இதோடு அடியிலிருந்து கனமான தட்டல் சத்தமும், சூடானபின் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்குவதும் சேர்ந்தால் கிராங்க் பேரிங்கும் போயிருக்கிறது. இப்போதுதான் போரிங்கா, வேறு இன்ஜினா என்ற கேள்விக்கே வருகிறோம்.

போரிங்: தெரிந்த இன்ஜின், தெரியாத லேத்

பழைய ஆல்ட்டோவின் 796 சிசி இன்ஜினுக்குப் பெயர் எஃப்8டி. அதன் போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மி.மீ. தேய்ந்த போரை 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிதாக்கி, அதே அளவு ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போடுவதுதான் போரிங். கிராங்கில் கோடு விழுந்திருந்தால் அதையும் 0.25 குறைத்துக் கிரைண்டிங் செய்து, அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். இதோடு ஹெட் வேலை, ஆயில் பம்ப், முழு கேஸ்கெட் செட், டைமிங் பெல்ட் எல்லாம் சேரும். இன்ஜின் எண் மாறாது, ஆர்.சி. புத்தகத்தில் கை வைக்க வேண்டாம். இதுவரை அந்த இன்ஜின் எப்படி ஓடியது, எப்போது ஹீட் ஆனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுத்துவிட்டுத்தான் போரிங் செய்யச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூலிழை வித்தியாசம் இருக்கும். ஒவ்வொரு போரையும் அதனதன் பிஸ்டனை அளந்து முடிக்கிற லேத்காரர்தான் உங்களுக்கு வேண்டியவர். "பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாம், நான் 0.50-க்கு ஓட்டி வெக்கிறேன்" என்று சொல்லும் இடத்தில் பிளாக்கை இறக்காதீர்கள். மூன்று போரில் ஒன்று மட்டும் கோடு விழுந்திருந்தாலும் மூன்றையும் ஒரே அளவுக்கு எடுத்தாக வேண்டும். 0.50-ம் போதாது என்றால் ஸ்லீவ் (போருக்குள் இறக்கும் புது உறை) அடிக்கலாம். அந்த நிலைக்கு வந்த பிளாக்குக்கு அவ்வளவு செலவு செய்வதா என்று ஒரு முறை யோசிப்பது நல்லது.

லேத்திலிருந்து பிளாக் வீட்டுக்கு வந்ததும் பலர் தவறவிடும் வேலை கழுவுவது. போரைக் கடைசியாகத் தேய்த்து முடிக்கும் ஹோனிங் கல்லின் தூள் போர் சுவரின் குறுக்குக் கோடுகளுக்குள் புதைந்திருக்கும். பெட்ரோலும் டீசலும் அதை மேலே பரப்புமே தவிர வெளியே எடுக்காது. வெந்நீரும் சலவைத்தூளும் போட்டு, நைலான் பிரஷ்ஷால் ஒவ்வொரு போரையும் தேய்த்துக் கழுவி, துடைத்து, சுத்தமான வெள்ளைத் துணியில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலைத் தொட்டு உள்ளே சுற்றி எடுங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாக வரும்வரை மூன்று நான்கு முறை ஆகும். ஆயில் ஓடும் கேலரித் துளைகளுக்குள் காற்றடித்து, மெல்லிய பிரஷ் விட்டு எடுங்கள். கழுவி முடித்த கையோடு ஆயில் தடவிவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே இரவில் போர் துருப்பிடிக்கும். போரிங் செய்த இன்ஜின் பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி புகை அடித்தால், ரிங் மட்டமானது என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் காரணம் இந்தத் தூள்தான்.

பேரிங் கேப்புகளையும் கனெக்டிங் ராடு கேப்புகளையும் கழற்றும்போதே எண் போட்டு வைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் கிராங்க் இறுகும். ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுமுன் போருக்குள் தனியாக வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். இடைவெளி இல்லாமல் முட்டினால் சூடானதும் ரிங் உடைந்து போரைக் கிழிக்கும்.

நேரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழற்ற இரண்டு மூன்று நாள், லேத்தில் ஒரு வாரம், பார்ட்ஸ் அலைச்சல், திரும்பப் பூட்ட இரண்டு மூன்று நாள். தினமும் வண்டி தேவைப்படுபவருக்கு இது பெரிய குறைதான். அளவுக்கருவி பிடித்துப் பழகாதவர் வீட்டில் பூட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஜினைக் கழற்றுவதும் மாட்டுவதும் உங்களுடையதாக இருக்கட்டும். கிராங்க், பிஸ்டன் பூட்டும் வேலையைப் போரிங் செய்த பட்டறையிலேயே செய்து வாங்கலாம். வீட்டில் செய்வதன் மிச்சம் அதிலேயே வந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின்: என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும்

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று பெரிய ஊர்களில் வண்டி பிரிக்கும் கடைத்தெருக்கள் இருக்கின்றன. அங்கே 'ஹாஃப் இன்ஜின்' என்றால் பிளாக், கிராங்க், பிஸ்டன் வரை. 'ஃபுல் இன்ஜின்' என்றால் ஹெட்டும் சேர்ந்தது. இன்டேக் மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வயரிங் ஆகியவை சேருமா என்பது பேச்சைப் பொறுத்தது. ஹெட் நன்றாக இருந்து கீழ்ப்பகுதி மட்டும் போனவர் ஹாஃப் இன்ஜினைப் பார்க்கலாம். மற்றவர்கள் ஃபுல் இன்ஜினையே எடுப்பது நல்லது, ஏனென்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பிரிக்காத இன்ஜினில்தான் சோதனை செய்ய முடியும்.

796 சிசி என்ற எண் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. மாருதி 800-இல் பரவலாக வந்தது எஃப்8பி. மூன்று சிலிண்டருக்கு ஆறு வால்வு. ஆல்ட்டோவில் வந்தது எஃப்8டி, பன்னிரண்டு வால்வு. கொள்ளளவு ஒன்றுதான், ஹெட்டும் மேனிஃபோல்டும் வேறு. ஆம்னியும் எஃப்8பி குடும்பம்தான், ஆனால் அதில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. சம்ப்பும் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) மவுண்டிங்கும் பொருந்தாது. ஆல்ட்டோ கே10-இல் இருப்பது 998 சிசி கே10பி, அது முற்றிலும் வேறு. "ஆல்ட்டோ இன்ஜின்தான் சார்" என்ற சொல்லை நம்பாமல் ஹெட்டையும் பிளாக்கில் பொறித்த எண்ணையும் பாருங்கள். எண்ணின் தொடக்கத்திலேயே எஃப்8டி என்று இருக்கும். ஒரே எஃப்8டியிலும் வருடம் மாறினால் சென்சாரும் சாக்கெட்டும் மாறும். உங்கள் இன்ஜினை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சாக்கெட்டாக ஒப்பிட வேண்டும். சென்சார் மாறினால் உங்கள் பழைய இன்ஜினிலிருந்து மாற்றலாம். சென்சார் உட்காரும் இடமே பிளாக்கில் இல்லையென்றால் அந்த இன்ஜின் வேண்டாம்.

இனி சோதனை. இன்னும் வண்டியிலேயே இருக்கும் இன்ஜின் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. போனதும் கையை வால்வு கவர் மேல் வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள்; ஆறும்வரை டீ குடித்துவிட்டு வந்து, குளிர்ந்த இன்ஜினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தேய்ந்த பிஸ்டனும் காய்ந்த சீலும் குளிரில்தான் பேசும்.

தரையில் கிடக்கும் இன்ஜின் என்றால் வேலை கூடும். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் வாயைத் திறந்து பாருங்கள். செந்நிறச் சேறு இருந்தால் கூலன்ட் போடாமல் போர்வெல் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே நீர்ப்பாதை அடைத்திருக்கும். மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். மூன்றும் ஒரே பழுப்பு நிறத்தில் காய்ந்திருந்தால் நல்லது. ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் வேலை இருக்கிறது. பளபளவென்று சில்வர் பெயிண்ட் அடித்த இன்ஜினைப் பார்த்தால் ஹெட் இணைப்பில் சீலன்ட் பிதுங்கியிருக்கிறதா, போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பிரித்த இன்ஜின் என்றால் ஏன் பிரித்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை எண்ணித் தனியாக ஒரு சோதனை செய்ய வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் நின்ற கார்கள் தண்ணீரில் மூழ்கின. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி வளைந்த இன்ஜின்கூட ஸ்டார்ட் ஆகும், ஓடும். சில மாதத்தில் பிளாக்கை உடைத்துக்கொண்டு ராடு வெளியே வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரான மெல்லிய கம்பி போதும். கிராங்க் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு மெல்லச் சுற்றி, முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கம்பியைப் பிளக் துளை வழியாக விட்டு, ஹெட் விளிம்பு வரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். மற்ற இரண்டு சிலிண்டருக்கும் அதே கம்பி, அதே சாய்வு. மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஒரு கோடு கம்பியில் ஒரு மில்லிமீட்டர் மேலே விழுந்தாலும் அந்தப் பிஸ்டன் அவ்வளவு கீழே நிற்கிறது, ராடு வளைந்திருக்கிறது. கிளட்ச் ஹவுசிங் உள்ளேயும் ஆல்டர்னேட்டர் துளைகளிலும் காய்ந்த வண்டல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கிராங்கைச் சுற்றும்போது கை உணர்வதையும் கவனியுங்கள். பிளக் இல்லாத இன்ஜின் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இறுகினாலோ, உரசும் சத்தம் கேட்டாலோ அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்ததாக, கியர் பாக்ஸும் ஸ்டார்ட்டரும் ஒட்டியிருந்தால் பேட்டரி கொடுத்துக் கம்ப்ரஷன் அடித்துப் பார்க்கலாம். இல்லையென்றால் காற்றுச் சோதனை. பிஸ்டனை உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, கிராங்க் சுழலாமல் ஸ்பேனரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, பிளக் துளையில் அடாப்டர் போட்டுக் கம்ப்ரசர் காற்றைக் கொடுக்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் போதும். காற்று இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், நீர்ப்பாதையில் குமிழி விட்டால் கேஸ்கெட். ஆயில் மூடியில் லேசாகக் காற்று வருவது எல்லா இன்ஜினிலும் உண்டு. விசில் அடித்தால்தான் கவலை.

கடைக்காரர் சம்மதித்தால் சம்ப்பைக் கழற்றி ஒரு ராடு கேப்பைத் திறந்து பாருங்கள். பேரிங் சாம்பல் நிறத்தில் மழமழப்பாக இருந்தால் சரி. செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் அதன் ஆயுள் முடிந்தது. சம்ப்பின் அடியில் விரலால் வழித்து, வெயிலில் பிடித்தால் மினுமினுப்புத் தெரியக்கூடாது. சம்மதிக்காத கடையில் வாங்குவதா என்பது உங்கள் முடிவு. என் பார்வையில், கம்ப்ரஷனும் பார்க்க விடாமல், சம்ப்பும் திறக்க விடாமல், "ஸ்டார்ட்டிங் கியாரண்டி மட்டும்தான்" என்று சொல்லும் இன்ஜினைவிட உங்கள் சொந்த இன்ஜினைப் போரிங் செய்வது எவ்வளவோ மேல்.

விலை பேசும்போது இன்ஜினின் விலையை மட்டும் எண்ணாதீர்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிராங்க் முன் பின் சீல், கேம் சீல், வால்வு கவர் கேஸ்கெட், பிளக், ஃபில்டர், ஆயில் சுமார் 3 லிட்டர், கியர் ஆயில், கூலன்ட், தேய்ந்திருந்தால் கிளட்ச் செட், கிழிந்திருந்தால் மவுண்டிங் ரப்பர். இவை எதையும் விடக்கூடாது. இன்ஜின் தரையில் இருக்கும்போது பத்து நிமிடத்தில் மாறும் பின் கிராங்க் சீல், வண்டியில் ஏறியபின் கசிந்தால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். இந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் போரிங்குக்கும் இதற்கும் உள்ள விலை இடைவெளி முதலில் தோன்றியதைவிடச் சுருங்கிவிடும்.

வேறு இரண்டு வழிகள்

சில மாடல்களுக்குக் கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரில் புது ஹாஃப் இன்ஜின் ஆர்டர் செய்யலாம். தரத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பழைய ஆல்ட்டோவின் சந்தை விலையோடு வைத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவருவது அரிது.

வண்டியையே விட்டுவிடுவது இன்னொன்று. 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டியிருந்தால் 2025-இலிருந்து 10,000. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது அடிப்பகுதி துருவுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் இன்ஜினைத் தொடும் முன், கால்மிதியைத் தூக்கித் தரையையும், முன் சஸ்பென்ஷன் உட்காரும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கும் வண்டிக்கு எந்த இன்ஜினும் போட வேண்டாம்.

வீட்டில் மாற்றும்போது

எஃப்8டி சின்ன இன்ஜின்தான். அதற்காகக் கார் ஷெட் சன்ஷேடிலோ, சீலிங் ஃபேன் கொக்கியிலோ, வேப்பமரக் கிளையிலோ தொங்கவிடக்கூடாது. ஒரு டன் செயின் புல்லியும் இரும்பு மூன்று கால் ஸ்டாண்டும் வாடகைக்குக் கிடைக்கும். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் போக வேண்டாம். ஹாலோ பிளாக் விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

பெட்ரோல் அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும். ஃப்யூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விட்டால் தானாக அணையும். அணைந்தபின் ஸ்டார்ட்டரை ஒரு முறை அடித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கூலன்ட்டைக் குளிர்ந்த இன்ஜினிலிருந்து வாளியில் பிடியுங்கள். அது இனிப்பாக இருக்கும், விஷம்; தெருவில் விட்டால் நாயும் மாடும் நக்கிவிடும். ஏ.சி. குழாய்களைப் பிரிக்கவே வேண்டாம். கம்ப்ரசரின் போல்ட்களை மட்டும் கழற்றி, குழாயோடு அப்படியே ஓரமாகக் கம்பியால் கட்டி வைத்தால் காஸ் செலவு மிச்சம்.

ஒவ்வொரு சாக்கெட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். அதன் ஜோடியிலும் அதே எண். வேக்குவம் ஹோஸுக்கும் அப்படியே. கியர் ஆயிலை வடிக்காமல் ஆக்சிலை இழுத்தால் ஆயில் மொத்தமும் கையில் வழியும். இழுத்த ஆக்சிலைத் தொங்கவிடாமல் கட்டி வையுங்கள், இல்லையென்றால் பூட் கிழியும். கியர் பாக்ஸைத் தனியாகக் கீழே இறக்கிவிட்டு இன்ஜினை மட்டும் மேலே தூக்குவது வீட்டுக்கு வசதி. மவுண்டிங்கைக் கழற்றும் முன் இன்ஜினின் எடை செயினுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

புது இன்ஜினைக் கியர் பாக்ஸோடு சேர்க்கும் இடத்தில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. பிளாக்கின் முகத்தில் குழல் போன்ற சின்ன டவல் பின்கள் இருக்கும். அவை பழைய பிளாக்கிலேயே தங்கிவிடும், யாரும் கவனிப்பதில்லை. அவை இல்லாமல் போல்ட் மட்டும் போட்டு இறுக்கினால் கியர் பாக்ஸ் மயிரிழை விலகி உட்காரும். முதலில் கிளட்ச் அதிரும், பிறகு இன்புட் ஷாஃப்ட் சீலும் பேரிங்கும் போகும். பழைய பிளாக்கிலிருந்து அவற்றைக் கழற்றி மாட்டியபின்தான் சேர்க்க வேண்டும். கிளட்ச் பிளேட்டை நடுவாக நிறுத்த டம்மி ஷாஃப்ட் போட்டுப் பிரஷர் பிளேட்டைக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கியர் பாக்ஸ் கையால் தள்ளியே முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது போல்ட்டால் இழுத்தால் ஹவுசிங் காது உடையும்.

எர்த் வயர் மறப்பது அடுத்தது. பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் போகும் அந்தத் தடித்த பட்டையைப் போடாமல் ஸ்டார்ட் அடித்தால், ஸ்டார்ட்டரின் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் பாதை தேடும். கேபிள் சூடாகிப் புகையும். சாவியைத் திருப்பும் முன் அந்தப் பட்டையைக் கையால் இழுத்துப் பாருங்கள்.

பல மாதம் சும்மா கிடந்த இன்ஜினை நேராக ஸ்டார்ட் செய்யக்கூடாது. பேரிங்கில் ஆயில் இருக்காது. பிளக் மூன்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அரை ஸ்பூன் ஆயில் விட்டு, இன்ஜெக்டர் சாக்கெட்டையும் இக்னிஷனையும் பிடுங்கிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரை அடியுங்கள். இடையில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். ஆயில் விளக்கு அணைந்தபிறகு பிளக்கைப் போடலாம். முதல் ஐந்து நிமிடம் நீலப் புகை வந்தால் நீங்கள் விட்ட ஆயில் எரிகிறது, பயப்பட வேண்டாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடி திறந்த நிலையில் ஐடிலில் ஓட விட்டு, குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை தானாகச் சுற்றி நின்றபிறகுதான் வண்டியைத் தெருவில் இறக்க வேண்டும். காற்று அடைத்துக்கொண்ட இன்ஜின் முதல் பயணத்திலேயே ஹெட்டை வளைக்கும். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றுங்கள்.

ஆர்.சி.யும் காப்பீடும்

இன்ஜின் எண் பிளாக்கில்தான் இருக்கிறது. ஹெட், கிராங்க், பிஸ்டன் எதை மாற்றினாலும் எண் மாறாது. பிளாக் மாறினால் ஹாஃப் இன்ஜினாக இருந்தாலும் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி இன்ஜின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். முன் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள். மாற்றும் முன்பே ஒரு முறை அலுவலகத்துக்குப் போய் என்னென்ன தாள் கேட்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். கடையில் வாங்கும் பில்லில் இன்ஜின் எண்ணை முழுதாக எழுதச் சொல்லுங்கள், இன்ஜின் வந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் கேளுங்கள். எண் இருக்கும் இடம் அரைத்தது போல மழமழப்பாக இருந்தாலோ, எழுத்துகள் வரிசை தப்பியிருந்தாலோ அந்த இன்ஜின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்; திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் பதில் சொல்லப் போவது நீங்கள். பதிவு முடிந்ததும் காப்பீட்டு பாலிசியிலும் எண்ணை மாற்றுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

கழற்றிய பழைய இன்ஜினை அன்றைக்கே இரும்புக் கடைக்குத் தள்ள வேண்டாம். சாக்கு போட்டு மூடி, புது இன்ஜின் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை ஓரமாக வையுங்கள். ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ஏதோ ஒரு சென்சார், நீளம் மாறிய ஒரு போல்ட் என்று அதனிடம் திரும்பப் போக வேண்டிய தேவை கட்டாயம் வரும். ஆர்.டி.ஓ. பதிவு கையில் வந்தபின் விற்றால், பழைய எண்ணையும் எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.